கடலலையும் கணக்கும்

"அலை ஓய்ந்து நீராடுவது எக்காலம்?" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஓயாத ஒன்றின் ஓய்வுக்காகக் காத்திருத்தல் பேதைமை என்பது அதன் கருத்து. கரையிலே நீராட நிற்பவனுக்கு இவ்வறிவு போதுமானது. ஆனால், கடலுக்குள்ளே கல்லைக் கொட்டித் துறைமுகம் அமைக்கும் பொறியியலாளனுக்கும், பல்லாயிரந் தொன் பண்டங்களை ஏற்றிச் செல்லும் மாலுமிக்கும், விடியற் காலையில் வள்ளத்தைத் தள்ளும் மீனவனுக்கும் அது போதாது. அலை ஓயாது என்பதை அவர்கள் நன்கறிவர். அது எவ்வளவு உயரம் எழும், எத்திசையிலிருந்து வரும், எப்பொழுது வந்து சேரும் என்பனவே அவர்களுடைய வினாக்கள். அவ்வினாக்களுக்கு எண்களால் விடை காண மனிதன் எடுத்த முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றிலே வெற்றிகளும் உண்டு. கடலடியிலே சிதறிக் கிடக்கும் தோல்விகளும் உண்டு.

ஸ்கொத்லாந்தின் வடகிழக்குக் கரையிலே விக் என்னும் ஊர் உளது. 19ஆம் நூற்றாண்டில் அது ஹெறிங் மீன்பிடிக்குப் பேர்பெற்ற துறையாக விளங்கிற்று. வட கடலின் சீற்றத்திலிருந்து படகுகளைக் காப்பதற்காக அங்கே ஓர் அலைதடுப்பணை கட்டும் வேலை 1863ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. வேலையை நடத்தியோர் கலங்கரை விளக்கங்கள் கட்டுவதிற் புகழ்பெற்ற ஸ்டீவன்சன் குடும்பத்தார். அவர்களுள் ஒருவரான தோமஸ் ஸ்டீவன்சன், பிற்காலத்திலே "புதையல் தீவு" என்னுங் கதையால் உலகப் புகழ் எய்திய எழுத்தாளரின் தந்தையாவார். அலையின் வலிமையை ஊகத்தால் அன்றி அளவையால் அறிய விரும்பியவர்களுள் அவர் முன்னோடி. வில்லுச்சுருள் பொருத்திய கருவியொன்றைப் பாறையிலே பதித்து, அலை மோதும்போது சுருள் எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் குறித்து வந்தார். 1845ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்கெறிவோர் பாறையிலே அக்கருவி சதுர அடி ஒன்றுக்கு 6,083 இறாத்தல் அமுக்கத்தைக் காட்டிற்று.

அவர் வகுத்த விதி ஒன்றும் உண்டு. காற்று தடையின்றி வீசிவரும் கடற்பரப்பின் நீளத்தைக் கடல் மைலில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்றரையாற் பெருக்கினால், எழக்கூடிய அலையின் உயரம் அடிக்கணக்கில் வரும். 100 மைல் நீளமான கடலாயின் 15 அடி அலை. 400 மைலாயின் 30 அடி அலை. எளிமையான விதி. ஆயினும் விக் துறையிலே கடல் அவ்விதிக்குக் கட்டுப்படவில்லை. அணையின் முனையிலே பெருங் கற்களை இரும்புச் சலாகைகளாற் பிணைத்து, அவற்றின்மேல் 800 தொன் எடையுள்ள கொங்கிறீற்றை ஒரே கட்டியாக வார்த்திருந்தனர். 1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலிலே, அக்கட்டியும் அதனோடு பிணைந்த கற்களுமாக 1,350 தொன் எடையுள்ள திரள் முழுவதும் இடம் பெயர்ந்து உட்பக்கமாக விழுந்தது. அதனிடத்தில் 2,600 தொன் திரள் ஒன்று அமைக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டில் அதனையும் கடல் கொண்டுபோயிற்று. அணை கைவிடப்பட்டது.

தோமஸ் ஸ்டீவன்சனின் விதி கடலின் நீளம் ஒன்றையே அறிந்தது. காற்றின் வேகத்தையும், அது எத்தனை மணிநேரம் ஓயாமல் வீசிற்று என்பதையும், கரையோரத்து ஆழத்தையும் அது அறியாது. துறைமுக வேலையிலோ சிறு பிழையும் பெரும் பிழையாக வளரும் இயல்புடையது. ஸ்பானிய நாட்டு இரிபாறன் 1938ஆம் ஆண்டிலும், அமெரிக்கரான ஹட்சன் 1950களிலும் வகுத்த சூத்திரங்களின்படி, அணையின் மேற்போர்வையில் இடவேண்டிய கல்லின் எடை, அலையின் உயரத்துடன் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 5 மீற்றர் அலைக்கு 10 தொன் கல் போதுமென வைத்துக்கொள்வோர், 6 மீற்றர் அலை வருமாயின் 17 தொன்னுக்கு மேற்பட்ட கல்லை இடவேண்டும். அலையின் உயரம் இரு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காகும். ஆகவே, அலையின் உயரத்தை ஒரு மீற்றர் குறைத்து மதித்தவன் அணையை இழப்பான். ஒரு மீற்றர் கூட்டி மதித்தவன் அரசாங்கத்தின் பணத்தைக் கடலிலே கொட்டுவான்.

அலையைக் கணக்கிட வேண்டுமாயின் அதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அலை ஓடுகிறது, நீர் ஓடுவதில்லை. வயலிலே நெற்கதிர்கள் காற்றில் அசையும்போது அசைவு வரப்பிலிருந்து வரப்புக்குச் செல்வதையும், கதிர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதையும் யாவரும் கண்டிருப்பர். கடலிலும் நீர்த்துளி ஏறத்தாழ ஒரு வட்டமிட்டுத் தன் இடத்துக்கே மீள்கிறது; சத்தி மட்டும் முன்னே செல்கிறது. ஒரு முகடு கடந்து மறுமுகடு வருவதற்கு எடுக்கும் நேரம் அலையின் காலம் எனப்படும். ஆழ்கடலிலே 8 விநாடிக் காலமுடைய அலையின் நீளம் ஏறத்தாழ 100 மீற்றர்; அதன் முகடு மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். 16 விநாடி அலையின் நீளமோ 400 மீற்றர். வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர். காலம் நீண்ட அலை முன்னே ஓடிவிட, குறுகிய அலை பின்தங்கும். எனினும், ஆழ்கடலிலே அலைக்கூட்டம் சுமந்து செல்லும் சத்தி முகட்டின் வேகத்திற் பாதி வேகத்திலேயே செல்லும்.

ஆதலால் கடலிலே இருவகை அலைகள் உள. ஒன்று, அவ்விடத்துக் காற்று அப்பொழுதே எழுப்பும் ஒழுங்கற்ற அலை. மற்றது, எங்கோ தொலைவிலே அடித்த புயல் எழுப்பி, புயலைவிட்டு நீங்கி, ஒழுங்காகவும் நீண்டும் வரும் அலை. இதனை நெட்டலை என்று கூறலாம். வானம் தெளிந்து காற்றே இல்லாத நாளிலும் கரையிலே பேரிரைச்சலுடன் மோதுவது இந்த நெட்டலையே.

அலைக்கணக்கு ஒரு தனித்துறையாக வளர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்தின் போதாகும். 1942ஆம் ஆண்டில், வட ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலே படைகளை இறக்க நேசநாடுகள் ஆயத்தஞ் செய்தன. வியன்னாவிலே பிறந்து அமெரிக்காவிற் கல்வி கற்ற வோல்ற்றர் மங்க் என்னும் இளைஞர், தரையிறங்கும் ஒத்திகைகளைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். அலை 5 அடிக்கு மேற்பட்டால் ஒத்திகை நிறுத்தப்பட்டது. படகுகள் பக்கவாட்டில் திரும்பி நீர் நிறைந்துவிடும். ஆனால் படைகள் இறங்கவேண்டிய கரையிலே மாரிகாலத்து அலைகள் பெரும்பாலும் அவ்வளவினும் மிக்கவை. எதிரியின் குண்டு படுவதற்கு முன்னரே கடல் வீரர்களைக் கொன்றுவிடும் நிலை அது. மங்க் தம் ஆசிரியரான நோர்வே நாட்டு விஞ்ஞானி ஹறால்ட் ஸ்வெட்றப்பை நாடினார். கலிபோர்னியாவின் ஸ்கிறிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்தின் தலைவராக விளங்கியவர் அவர். காற்றின் வேகம், அது வீசிய நேரம், அது கடந்த கடலின் நீளம் ஆகிய மூன்றையும் சேர்த்து அலையின் உயரத்தையும் காலத்தையும் கூறும் முறையொன்றை இருவரும் வகுத்தனர். இளம் உத்தியோகத்தர் பலர் ஸ்கிறிப்ஸ் நிலையத்திலே அம்முறையிற் பயிற்றப்பட்டனர்.

அப்பொழுது ஓர் இடர் எழுந்தது. கடலின் மேற்பரப்பிலே இரண்டு அலைகள் ஒரே உயரமாக இரா. அங்ஙனமாயின் "இன்றைய அலையின் உயரம்" என்று எதனைச் சொல்வது? படகோட்டிகளிடம் கேட்டபோது அவர்கள் ஓர் எண்ணைக் கூறினர். கருவிகொண்டு அளந்து பார்த்தபோது, அவர்கள் கூறிய எண் அலைகள் யாவற்றின் சராசரி அன்று. மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிக்கு அண்மையானது என்பது தெரியவந்தது. சிற்றலைகளை மனிதக் கண் பொருட்படுத்துவதில்லை. கடலறிந்த மனிதனின் மதிப்பீடே இவ்வாறு விஞ்ஞான அளவையாயிற்று. இன்றும் உலகெங்கும் வானொலி அறிவித்தல்களிலே கூறப்படும் அலை உயரம் இதுவே. ஆகவே, அறிவித்தலில் 3 மீற்றர் என்றால் 3 மீற்றருக்கு மேல் அலை எழாது என்று எண்ணுதல் தவறு. ஆயிரம் அலைகள் கடக்கும்போது அவற்றுள் ஒன்று ஏறத்தாழ அதன் இருமடங்கை எட்டலாம். கடலுக்குச் செல்வோர் யாவரும் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மை இது.

1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி நோர்மண்டிக் கரையிலே இறங்கத் திட்டமிட்டிருந்த படைகள், வானிலை அறிஞர்களின் எச்சரிக்கையால் ஒருநாள் தாமதித்து 6ஆம் தேதி இறங்கின. ஆனால் அதே மாதம் 19ஆம் தேதி தொடங்கிய புயல், அக்கரையிலே மிதவைகளாலும் கொங்கிறீற்றுப் பெட்டிகளாலும் அவசரமாக அமைக்கப்பட்டிருந்த இரு செயற்கைத் துறைமுகங்களைத் தாக்கிற்று. அமெரிக்கர் அமைத்த துறைமுகம் மீளப் பயன்படுத்த முடியாதவாறு சிதைந்தது. ஆறொமாஞ்சில் பிரித்தானியர் அமைத்தது சேதமுற்றும் தப்பிநின்றது. அலையை முன்னறிதல் வேறு, அதனைத் தாங்குமாறு கட்டுதல் வேறு என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒருங்கே சான்றாயின.

யுத்தம் முடிந்தபின் நெட்டலையின் பயணம் ஆராயப்பட்டது. 1963ஆம் ஆண்டில் மங்க்கும் அவருடைய கூட்டத்தாரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசுபிக் சமுத்திரத்தின் குறுக்கே ஆறு நிலையங்களை அமைத்து அலைகளைப் பதிவுசெய்தனர். தென் சமுத்திரத்துப் புயல்களிலே பிறந்த அலைகள் பதினாயிரம் கிலோமீற்றருக்கு மேலாகப் பயணஞ் செய்து அலாஸ்காவின் கரையிலே மோதுவதைக் கருவிகள் காட்டின. புயலின் எல்லையைக் கடந்தபின் அவ்வலைகள் தம் சத்தியிற் சிறிதளவையே இழந்தன என்பதும் புலப்பட்டது. ஒரு துறைமுகத்தின் அலையை அறிய அத்துறைமுகத்துக் காற்றை மட்டும் நோக்குதல் போதாது என்பது இதனால் உறுதியாயிற்று. ஒரு சமுத்திரம் முழுவதையுமே கணக்கில் எடுத்தல் வேண்டும்.

அவ்வளவு பெரிய கணக்கை எவ்வாறு செய்வது? பிரான்சிய வானிலை அறிஞரான ஜெல்சியும் அவருடைய துணைவர்களும் 1957ஆம் ஆண்டில் காட்டிய வழியே இன்றுவரை அடிப்படையாக உள்ளது. கடற்பரப்பைச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கேடு திறக்கப்படும். அவ்வேட்டிலே எழுதப்படுவது தனித்தனி அலைகள் அல்ல. எத்திசையிலே செல்லும் எக்காலமுடைய அலையிடத்து எவ்வளவு சத்தி உளது என்பதே. 24 திசைகளும் 30 காலங்களும் எனக் கொண்டால் ஒரு கட்டத்தின் ஏட்டில் 720 பத்திகள் இருக்கும். காற்றிலிருந்து பெறுவது வரவு. முகடு வெண்ணுரையாக உடைவதால் இழப்பது செலவு. ஆழங்குறைந்த இடத்திலே கடலடித் தரையின் உராய்வும் கரையிலே உடைதலும் மேலதிகச் செலவுகள். ஒவ்வொரு பத்தியிலுமுள்ள சத்தி தனக்குரிய வேகத்திலும் திசையிலும் அடுத்த கட்டத்தின் ஏட்டுக்கு மாற்றப்படும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லா ஏடுகளையும் திருத்தி எழுதிக்கொண்டே போனால், நாளைய கடலும் நாளை மறுநாட் கடலும் தாளிலே தோன்றும்.

இவ்வரவு செலவுகளுக்கிடையே எளிதிற் புலப்படாத மூன்றாவது ஒன்றும் இருந்தது. அலைகள் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும்போது தமக்குள்ளே சத்தியைக் கைமாற்றிக்கொள்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானியான கிளவுஸ் ஹாசெல்மன் 1962ஆம் ஆண்டில் கணிதத்தால் நிறுவினார். குறுகிய அலைகளிடமிருந்து சத்தி நீண்ட அலைகளுக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேருகிறது. புயலிலே அலைகள் நேரஞ் செல்லச் செல்ல நீண்டு வளர்வதற்கு இதுவே தலையாய காரணம். 1968ஆம், 1969ஆம் ஆண்டுகளிலே வட கடலில் சில்ற் தீவிலிருந்து மேற்கே 160 கிலோமீற்றர் நீளத்துக்குக் கருவிகளை நிறுவி நடத்திய பெரும் பரிசோதனை அவருடைய கொள்கையை உறுதிப்படுத்திற்று. இதே அறிஞர், காலநிலை பற்றிய ஆராய்ச்சிக்காக 2021ஆம் ஆண்டிலே பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றார்.

கையாற் செய்யின் ஆயுள் முழுவதும் போதாத இக்கணக்கைக் கணனி ஏற்றுக்கொண்டது. உலகக் கடல்களை அரைப் பாகைக் கட்டங்களாகப் பிரித்தால், நிலத்தை நீக்கியபின்னும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் எஞ்சும். ஒவ்வொரு தடவையும் திருத்தவேண்டிய எண்கள் பத்துக் கோடிக்கு மேற்படும். பல நாட்டு அறிஞர் கூடிச் சமைத்த கணித மாதிரி ஒன்று 1988ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐரோப்பிய வானிலை நிலையம் 1992 முதல் உலகக் கடல்கள் அனைத்துக்கும் நாள்தோறும் அலைக்கணிப்பு வெளியிட்டு வருகிறது. அதே காலத்திற் செய்மதிகள் வானிலிருந்து அலை உயரத்தை அளக்கத் தொடங்கவே, கணக்கும் காட்சியும் ஒன்றையொன்று திருத்த வழி பிறந்தது. எனினும் கணனி தனக்குக் கொடுக்கப்பட்ட காற்றையே நம்புகிறது. நன்கு வளர்ந்த கடலிலே அலை உயரம் காற்று வேகத்தின் வர்க்கத்துடன் ஏறும். காற்றை நூற்றுக்குப் பத்துப் பங்கு பிழையாக மதித்தால் அலை நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிழைக்கும். அவ்வலைக்கென இடும் கல்லின் எடையோ முக்காற் பங்குக்கு மேற் பிழைத்துவிடும்.

ஆழ்கடலின் கணக்கு துறைமுக வாயிலிலே முடிவதில்லை. கரையை நெருங்கும் அலை தரையை உணர்ந்து வேகங் குறைகிறது. ஆழமான பகுதியிற் செல்லும் பாகம் முந்த, ஆழமற்ற பகுதியிற் செல்லும் பாகம் பிந்த, அலைவரிசை வளைகிறது. கடலடியிலுள்ள மேடு ஒன்று கண்ணாடி வில்லை ஒளியைக் குவிப்பதுபோல அலையை ஓரிடத்திற் குவித்துவிடும். 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே கலிபோர்னியாவின் லோங் பீச் துறைமுகத்தில் விந்தையான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அண்டையிலே புயல் ஏதும் இல்லை. அயற் கரைகளிற் பேரலையும் இல்லை. ஆயினும் அலைதடுப்பணையின் ஒரு பகுதி மட்டும் சிதைந்தது. பல்லாண்டுகளின் பின் ஓபிறையன் என்னும் அறிஞர் அலைப்பாதைகளை வரைந்து காரணத்தைக் கண்டார். தெற்கிலிருந்து வந்த, 20 விநாடியளவு காலமுடைய நெட்டலைகளைக் கடலடி மேடு ஒன்று குவித்து அவ்வோரிடத்திலே செலுத்தியிருந்தது. அன்று கையால் வரையப்பட்ட அப்பாதைகளை இன்று டெல்வ்ற் நகரிலும் பிற இடங்களிலும் ஆக்கப்பட்ட கரையோர மாதிரிகள் சில நிமிடங்களிலே கணித்துவிடுகின்றன.

வாயிலைக் கடந்து துறைமுகத்தினுள்ளே புகுந்த அலையும் சும்மா இருப்பதில்லை. அணையின் முனையைச் சுற்றி வளைந்து மறைவான நீரிலும் பரவுகிறது. செங்குத்தான சுவரிலே பட்டுத் திரும்புகிறது. ஒன்றிரண்டு நிமிடக் காலமுடைய மிக நீண்ட அசைவு உட்புகுமாயின், அது கண்ணுக்குத் தெரியாத அளவு தாழ்ந்ததாயினும், துறைமுகத்து நீர் முழுவதும் ஊஞ்சல்போல ஆடத் தொடங்கும். ஊஞ்சலை உரிய நேரத்திலே தொடர்ந்து தட்டும் சிறுவனின் கை, பாரமான ஊஞ்சலையும் உயர ஆட்டுவதை ஒத்தது இது. கட்டிய கப்பல் முன்னும் பின்னும் இழுபட்டு வடம் அறும். தென்னாபிரிக்காவின் கேப்ற்றவுண் துறைமுகம் இத்தொல்லைக்குப் பேர்போனது. ஆகவே துறைமுகத்தின் வடிவத்தையே பல விதமாக மாற்றி மாற்றிக் கணித்துப் பார்த்து, ஊஞ்சலாட்டம் மிகாத வடிவத்தைத் தெரிவு செய்கின்றனர்.

இத்துணை அறிவிருந்தும் மனிதன் இடறிய இடம் போர்த்துக்கல் நாட்டின் சீனிஸ் துறைமுகம். பெரும் எண்ணெய்க் கப்பல்களுக்காக, ஏறத்தாழ 50 மீற்றர் ஆழம்வரை சென்று, 2 கிலோமீற்றர் நீளமான அணை அங்கே கட்டப்பட்டது. அதன் போர்வைக்குத் தென்னாபிரிக்காவில் உருவாக்கப்பட்ட டொலோஸ் என்னும் கொங்கிறீற்றுக் கட்டிகள் பயன்பட்டன. நங்கூரத்தைப் போன்ற வடிவம். ஒன்று 42 தொன். ஒன்றோடொன்று கொளுவி நிற்பதால் குறைந்த எடையிலே கூடிய உறுதி தருமென நம்பப்பட்டது. 11 மீற்றர் அலையைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட அவ்வணை, வேலை முடிவுறும் தறுவாயில், 1978ஆம் ஆண்டு பெப்ருவரி மாதப் புயலிலே, அவ்வளவினுங் குறைந்த அலைகளாற் பெரிதும் சிதைந்தது. தொடர்ந்து வந்த மாரிகாலப் புயல்கள் மேலும் அழிவு செய்தன.

காரணம் யாது? பலவற்றை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். கடலடியின் அமைப்பு சில இடங்களில் அலையைக் குவித்திருக்கலாம். ஆனால் தலையாய குறை கட்டிகளிலேயே இருந்தது. 42 தொன் கட்டியை ஐம்பதிலொரு பங்கு அளவுள்ள மாதிரியாக ஆய்வுத் தொட்டியில் வைத்தால் அதன் எடை ஏறத்தாழ 340 கிராம். அச்சிறு கட்டி அலையில் உருளும், அசையும், உடையாது. ஏனெனில் சிறியதன் வலிமை அதன் எடையை நோக்க மிகப் பெரியது. எறும்பு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைக்க, யானை விழுந்தால் எலும்பு முறிவது இந்நியதியாலேயே. கடலிலே மெல்லிய இடையுடைய அப்பெருங் கட்டிகள் சற்றே அசைந்து ஒன்றோடொன்று மோதியபோது முறிந்தன. முறிந்தவை கொளுவி நிற்கமாட்டா. உருளுமா என்ற வினாவுக்கு ஆய்வுத் தொட்டி சரியான விடை தந்தது. உடையுமா என்ற வினா அதனிடம் கேட்கப்படவில்லை. கணக்கோ மாதிரியோ, கேட்ட வினாவுக்கே விடை கூறும். கேளாத வினாவைக் கடல் கேட்கும்.

கணக்கு கூறும் விடையையும் உரியவாறு பொருள்கொள்ளல் வேண்டும். "நூறாண்டு அலை" என்னும் சொல்லைப் பொறியியலாளர் வழங்குவர். நூறாண்டுக்கு ஒருமுறைதான் அது வரும். இவ்வாண்டு வந்தால் இனி நூறாண்டுக்கு அச்சமில்லை என்று பொதுமக்கள் எண்ணுவதுண்டு. உண்மைப் பொருள் அதுவன்று. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. ஐம்பது ஆண்டு நிலைக்கவேண்டிய அணை ஒன்று தன் வாழ்நாளில் அவ்வலையைச் சந்திக்கும் வாய்ப்பு ஐந்தில் இரண்டு பங்காகும். இதனைச் சிறிய வாய்ப்பென்று எவருங் கூறார்.

கப்பற் பயணத்துக்கும் அலைக்கணக்கு கைகொடுக்கிறது. இரு துறைமுகங்களுக்கிடையே மிகக் குறுகிய பாதையே மிக விரைவான பாதை என்பதில்லை. எதிர் அலையிலே கப்பல் வேகங் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், சரக்கும் சேதமுறும். அலைக்கணிப்பைக்கொண்டு, நீண்டதாயினும் நேரங் குறைந்த பாதையைத் தெரியும் முறையை அமெரிக்கரான றிச்சாட் ஜேம்ஸ் 1957ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். துறைமுக வாயிலிலும் இக்கணக்கு வேண்டும். அலையிலே ஆடும் கப்பலின் அடிப்பாகம் அமைதியான நீரிற் காட்டிலும் ஆழமாகத் தாழும். அவுஸ்திரேலியாவின் ஹே பொயின்ற் நிலக்கரித் துறையிலே 1993 முதல், அன்றைய அலையையும் வற்றுப்பெருக்கையும் கணித்து, ஒவ்வொரு கப்பலும் எவ்வளவு பாரத்துடன் எந்நேரத்தில் வெளியேறலாம் என்று வகுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

இலங்கைக்கு இவையெல்லாம் புறக்கதைகள் அல்ல. கொழும்பு ஒரு காலத்தில் திறந்த கடலாகவே கிடந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே அங்கே கப்பல் நிற்பது பேரிடர். நீராவிக் கப்பல்கள் காலித் துறையை நாடின; அங்கேயோ பாறைகள் அச்சுறுத்தின. 1875ஆம் ஆண்டிலே வேல்ஸ் இளவரசர் முதற்கல் நாட்ட, சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி எழுந்த தென்மேற்கு அலைதடுப்பணையே கொழும்பை ஆசியாவின் பெருந் துறைகளுள் ஒன்றாக்கியது. சோளகத்தை எதிர்த்து நிற்குமாறு அது வைக்கப்பட்ட திசையே அதன் உயிர். அவ்வணைக்கு அப்பால், 2008க்கும் 2012க்கும் இடையே, 5 கிலோமீற்றருக்கு மேல் நீளமான புதிய அணை கட்டப்பட்டு, ஆழமான தென் துறைமுகம் உருவாயிற்று. கூட் அவர்களின் காலத்தில் அநுபவமும் துணிவுமே வழிகாட்டின. இன்று அத்தகைய வேலை எதுவும் கணித மாதிரியும் ஆய்வுத் தொட்டியும் ஒருங்கே பாராமல் தொடங்குவதில்லை. மொறட்டுவையிலே இலங்கை நீரியல் நிறுவனம் என்னும் ஆய்வுகூடம் இப்பணிக்கென இயங்குகிறது.

இத்தீவின் தெற்கே தென்முனைக் கண்டம் வரை தடுக்கும் நிலம் ஏதும் இல்லை. தெற்கிலே 40, 50ஆம் பாகைகளிற் பெரும்புயல் அடிக்கும்போது எழும் 16 விநாடி அலையின் சத்தி, மணிக்கு 45 கிலோமீற்றராக ஏறத்தாழ ஐயாயிரத்தைந்நூறு கிலோமீற்றர் கடந்து, ஐந்து நாட்களில் இலங்கையின் தென்கரையை அடையும். அந்நாளிலே வானத்தில் முகில் இராது, காற்றும் இராது. கேரளத்து மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர். கள்வனைப்போல அறிவியாது வருவதால் அப்பெயர். 2005ஆம் ஆண்டு மே மாதத்திலே கேரளக் கரையின் பல இடங்களில் அது நிலத்துட் புகுந்தது. கண்ணாற் காணக்கூடிய அறிகுறி ஏதுமில்லாத இவ்வபாயத்தை, ஐந்து நாள் முன்னரே காணவல்ல கண் கணக்கு ஒன்றே. அவ்வைந்து நாளிற் கரையிலுள்ள வள்ளங்களை மேலே ஏற்றலாம், வலைகளை அப்புறப்படுத்தலாம், பிள்ளைகளைக் கடலோரத்திலிருந்து விலக்கலாம்.

ஆயினும் கட்டங்களாகப் பிரித்த கடலில், ஒரு கட்டத்தினுள்ளே ஒளிந்திருக்கும் சிறு பாறையும் மணற்றிட்டும் தெரியா. அவற்றை அறிந்தவன் அத்துறையிலே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் கடலோடி. அன்று படகோட்டிகளின் மதிப்பீட்டிலிருந்தே விஞ்ஞானிகள் அலையின் அளவையைப் பெற்றனர் என்பது மறக்கத்தக்கதன்று. அலை ஓயப்போவதில்லை. ஓயாத அலையின் வரவைக் கணக்கும் அநுபவமும் கூடி முன்னரே அறிவித்து, அவ்வறிவித்தல் கரையிலுள்ள கடைசி வள்ளம்வரை உரிய நேரத்திற் சென்றடையுமாயின், அணைகளும் நிலைக்கும். கடலுக்குப் போனவர்களும் வீடு திரும்புவர்.